சம்பந்தியம்மா முன்னால் உட்காராத நோயாளி

அனுப்புநர்:
நோயாளியின் இளைய மகள்,
சலவை ஆலைக்குப் பின்புறக் குடியிருப்பு, நான்காம் மாடி.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மனநலப் பிரிவு, பொது மருத்துவமனை.

பொருள்: முடித்துவைக்கப்பட்ட என் தந்தையின் மனநலச் சிகிச்சையை மீண்டும் தொடங்கவும், அவருக்கு முன்பின் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவும் வேண்டுதல்.

பார்வை: அடுத்த வாரத்துக்கான மறுபரிசோதனை அழைப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில், இதை எழுதுவதற்கே மன்னிக்க வேண்டுகிறேன். தங்கள் பிரிவுக்கு ஒரு நாளில் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பதை வெளிவராந்தாவில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். அத்தனை பேருக்கும் நடுவில் ஒரு குடும்பம் மட்டும் மனுவைத் தூக்கிக்கொண்டு வருவது முறைதானா என்று பல நாள் யோசித்தேன். நேரில் சொல்லிவிடலாம் என்று தகவல் மேசை வரிசையில் நின்றதும் உண்டு. என் முறை வந்ததும் பின்னால் நின்றவரை முன்னே போகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். எழுத்தில் என்றால் என் குரல் நடுங்குவது தங்களுக்குக் கேட்காது.

இதைத் தமிழில் எழுதியிருப்பதற்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தங்கள் கோப்பில் என் அப்பாவைப் பற்றிப் பல தாள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அப்பாவால் படிக்க முடியாது. அவரைப் பற்றி அவரே படிக்கக்கூடிய ஒரு தாளாவது அங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன். புகார்களைத் தாய்மொழியிலேயே அளிக்கலாம் என்று மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அதை நம்பி எழுதுகிறேன். இந்நாட்டு மொழியில் நானே செய்த மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறேன். ஆகவே இதை மொழிபெயர்க்க வேறு எவரையும் அழைக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பது நான்காம் பத்தியில் தங்களுக்கு விளங்கும்.

1. என் அப்பா இவ்வூர் சலவை ஆலையின் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிறார். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் அங்கே வருகின்றன. தங்கள் வார்டுகளின் விரிப்புகளும் அங்கேதான் வெளுக்கின்றன. ஈரம் முழுதும் போகாத விரிப்பைச் சூடான உருளைகளுக்குள் செலுத்துவார்கள். மறுபக்கம் அது வெளியே வரும்போது இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து மடிக்க வேண்டும். தனி ஆள் செய்கிற வேலை அல்ல.

அப்பாவுக்கு எதிரே பல வருடங்களாக நின்றவர் வேறொரு நாட்டுக்காரர். மீசை பெரிதாக இருந்ததால் அப்பா அவரை ‘மீசை’ என்றே கூப்பிடுவார். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார். அவர் மொழி அப்பாவுக்குத் தெரியாது, அப்பாவின் மொழி அவருக்குத் தெரியாது, இந்த ஊர் மொழி இருவருக்குமே வணக்கம் சொல்லும் அளவுதான். ‘இழு’ என்ற ஒரு சொல்லை மட்டும் மீசை அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா ‘இழு’ என்றால் அவரும் ‘இழு’ என்பார். “உங்கம்மாகூட கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பேசிக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் புரிய மாட்டேங்குது. அவன்கூட ஒரு வார்த்தை பேசினதில்லை, எல்லாம் புரியுது” என்று அப்பா எங்களிடம் சொல்வார். “அப்ப அவரையே சமைச்சுப் போடச் சொல்லுங்க” என்பார் அம்மா. எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்ட பேச்சு இது. இப்போது கேட்பதில்லை.

2. சென்ற மழைக்காலத்தில் மீசை வேலை நேரத்திலேயே கீழே விழுந்து இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். அவர் விழுந்தபோது விரிப்பின் மறுமுனை அப்பாவின் கையில் இருந்தது.

மறுநாளும் அப்பா வேலைக்குப் போனார். முதலில் பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடு குறைந்தது. அதன்பின் ஒருநாள் வீட்டில் அம்மா உதறிப் போட்ட விரிப்பின் இரண்டு முனைகளை எடுத்துப் பிடித்துக்கொண்டு, எதிரே யாரோ வரப்போவதுபோல் அசையாமல் நின்றார். அம்மா, “என்னங்க, யாருக்கு நிக்கறீங்க?” என்று கேட்டதும் விரிப்பைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரமும் அப்படியே நின்றார்.

என்னிடம் ஒரே ஒருமுறை, தானாக, இவ்வளவு சொன்னார்: “அன்னைக்குக் காலையில அவன் என்கிட்ட என்னமோ சொன்னாம்மா. திரும்பத் திரும்பச் சொன்னான். நான் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினேன்.”

மேற்கொண்டு நான் கேட்டால், “ஒண்ணுமில்லம்மா, நீ போய்ப் படி” என்பார். நான் படித்து முடித்து நூலகத்தில் வேலைக்கே போய்க்கொண்டிருக்கிறேன் ஐயா. எங்கள் இரு பக்கத்துக் குடும்பங்களிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இருந்தாலும் அப்பாவுக்குப் பேச்சை முடிக்க வேண்டியிருக்கும்போதெல்லாம் நான் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது.

3. அம்மாவும் நானுமாக அவரைத் தங்கள் பிரிவுக்கு அழைத்து வந்தோம். மருத்துவர் இளையவர், பொறுமையானவர். முதல் முறை என்பதால் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடாகவில்லை. வந்தவர்களில் மொழி தெரிந்தவர் யார் என்று கேட்டார். பள்ளியில் கை தூக்குவதுபோல் நான் கையைத் தூக்கினேன். வங்கி, வீட்டுக்காரர், மின்வாரியம், பள்ளிக்கூடம் என்று சிறு வயது முதலே வீட்டுக்காக வெளியில் பேசி வந்தவள் நான். எனக்காகப் பேசத்தான் வராது. வீட்டுக்காக என்றால் வரும். அதனால் யாருக்கும், எனக்கும்கூட, அதில் தவறாக ஒன்றும் தோன்றவில்லை.

தூக்கம், பசி, தலைவலி வரைக்கும் கேள்விகள் சிரமமில்லாமல் போயின. பிறகு மருத்துவர் குரலைத் தாழ்த்தி, அவர் பணிப்படி கேட்டே ஆக வேண்டிய கேள்வியைக் கேட்டார். நான் அதில் ஒரு சொல்லையும் விடவில்லை, எதையும் மழுப்பவில்லை. “அப்பா, செத்துப்போயிடணும்னு தோணுதா, அதுக்காக ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கீங்களான்னு டாக்டர் கேக்கறாரு” என்றேன்.

அப்பா மருத்துவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. நீ பயப்படாதே” என்றார்.

‘இல்லை என்கிறார்’ என்று மருத்துவரிடம் சொன்னேன். மீதி இரண்டு சொற்களைச் சொல்வதா வேண்டாமா என்று நான் தடுமாறுவதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார்.

ஐயா, என் மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. அது சரியாக இருந்ததுதான் என் வருத்தம். பெற்ற மகள் வாயால் அந்தக் கேள்வியைக் கேட்ட எந்தத் தகப்பனும் வேறு பதில் சொல்ல மாட்டார். அந்தப் பதில் மருத்துவருக்குச் சொன்னதல்ல, மகளுக்குச் சொன்னது. தங்கள் கோப்பில் அது நோயாளியின் பதிலாக இருக்கிறது.

4. அடுத்த முறை முறைப்படி மொழிபெயர்ப்பாளர் வருவார் என்று சொன்னார்கள். மூவரும் நிம்மதியாக வந்து உட்கார்ந்தோம். கதவு திறந்தது. கழுத்தில் அடையாள அட்டையுடன் உள்ளே வந்தவர் எங்கள் சம்பந்தியம்மா.

தங்களுக்கு இந்த உறவை விளக்க வேண்டும். என் அக்காவை மணந்திருக்கும் மாப்பிள்ளையின் தாயார் அவர். பெண்ணைப் பெற்றவர்களுக்கு, அந்தப் பெண் வாழப்போன வீட்டின் மாமியார் எவ்வளவுதான் நல்லவராக இருந்தாலும், அவர் முன்னால் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டுதான் நிற்க வருமே தவிர, வேறு மாதிரி நிற்க வராது. அப்பா அப்படியே செய்தார். சடாரென்று எழுந்து, கழுத்துப் பொத்தானைப் போட்டு, “வாங்க சம்பந்தியம்மா, வாங்க” என்றார். மருத்துவரின் அறை அப்போது அவருக்கு எங்கள் வீட்டுக் கூடமாகிவிட்டது.

சம்பந்தியம்மாவும் திகைத்துப்போனார். ஆனால் தன் கடமையைச் செய்தார். ‘இவர் எனக்கு உறவினர்’ என்று மருத்துவரிடம் உடனே சொன்னார். மருத்துவர் முகம் மலர்ந்தது. தெரிந்தவர் என்றால் நல்லதாகப் போயிற்று, இனி மனம்விட்டுப் பேசுவார் என்றார். அந்த இடத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். ஆனால் பெண் கொடுத்த வீட்டு அம்மாவை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு ‘நீங்கள் வேண்டாம்’ என்று சொல்ல எங்கள் மூவரில் யாருக்கு வாய் வரும்? எங்கள் மக்களில் யாருக்குமே வராது என்று நினைக்கிறேன்.

நோயாளிக்கான நாற்காலியை அப்பா சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, இறுதிவரை நின்றுகொண்டே இருந்தார். மருத்துவர் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. கேட்கப்பட்டவற்றுக்கு அவர் சொன்ன பதில்கள் என் காதில் அப்படியே இருக்கின்றன.

தூக்கம் வருகிறதா என்றதற்கு: “படுத்தா போதும் சம்பந்தியம்மா, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன். இவதான் குறட்டைன்னு திட்டுவா.”

மனம் சோர்ந்திருக்கிறதா என்றதற்கு: “எனக்கென்ன சோர்வு. பெரியவளை உங்க வீட்ல குடுத்த அன்னைக்கே பாதி கவலையை இறக்கி வெச்சுட்டேனே.”

இறந்துபோன நண்பரைப் பற்றிக் கேட்டதற்கு: “பாவம், நல்ல மனுஷன். என்ன பண்றது. ஆமா, மாப்பிள்ளைக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு பெரியவ சொன்னாளே, இப்பப் பரவாயில்லையா?”

சம்பந்தியம்மா எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தன் மகனின் இடுப்பு வலியையும் சேர்த்தே மொழிபெயர்த்தார். மருத்துவர் சிரித்தார், அப்பா சிரித்தார், அம்மாவும் சிரித்தார். நான் அப்பாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவை எதையோ இரண்டு முனைகளில் பிடித்திருப்பதுபோல் விரல்களை இறுக்கிக்கொண்டிருந்தன. மருத்துவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது.

வெளியே வந்தபோது மின்தூக்கி அருகே சம்பந்தியம்மா அம்மாவின் கையைப் பிடித்து, “அண்ணனை நான் இங்க பாக்கவே இல்லை. நீங்களும் என்னைப் பாக்கலை. சரியா?” என்றார். இன்றுவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றி வருகிறார். தன் மகனிடம்கூடச் சொல்லவில்லை என்பது அக்கா பேசுவதிலிருந்தே தெரிகிறது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றாமலே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியுமில்ல? நாளைக்குப் பெரியவ அந்த வீட்ல கோபத்துல ரெண்டு வார்த்தை பேசிட்டா, அப்பன் புத்தின்னு மனசுக்குள்ள ஓடுமா ஓடாதா?”

ஓடும் என்று அம்மாவுக்கும் தெரியும்.

5. அந்தச் சந்திப்பின் முடிவில், நோயாளி கலகலப்பாகப் பேசுகிறார், குடும்பத்தினர் மீது அக்கறையோடு இருக்கிறார், துயரத்திலிருந்து இயல்பாக மீண்டு வருகிறார் என்று எழுதப்பட்டது. உட்கார முடியாத சிறு அமைதியின்மை மட்டும் இருப்பதாகக் குறித்திருந்தார்கள். மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னார்கள். சிகிச்சை முடிந்தது என்று அறிவித்தார்கள்.

அதை வீட்டில் படித்துச் சொன்னது நான்தான். அப்பா தலையாட்டிக் கேட்டுவிட்டு, “டாக்டரே சொல்லிட்டாரு பாத்தியா” என்றார். அம்மாவும் நானும் அதை நம்ப ஆசைப்பட்டோம். சில நாள் நம்பவும் செய்தோம்.

6. சென்ற மாதத்தில் ஒரு விடுமுறை நாள், நண்பகல். அம்மா துவைத்த விரிப்புகளை எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தார். எடுத்து வருவதாகச் சொல்லி அப்பா மேலே போனார். நேரமாகியும் இறங்கி வராததால் அம்மா படியேறிப் போய்ப் பார்த்தார்.

அப்பா ஒரு பெரிய விரிப்பின் இரண்டு முனைகளைக் கைக்கொன்றாகப் பிடித்திருந்தார். மீதி விரிப்பு தரையில் கிடந்தது. விறைப்பாக்குவதற்காகப் பின்னால் நகர்வதுபோல், அவர் ஒவ்வோர் அடியாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். எங்கள் மாடியின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். அது அவர் காலுக்கு வெகு அருகில் வந்துவிட்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அம்மா என்னிடம் பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். “எனக்குக் கத்தத் தோணலைடி. கத்தினா பதறித் திரும்புவாரு, கால் தடுக்கிடும். ஓடிப்போய்த் தரையில கிடந்த அந்த முனை ரெண்டையும் தூக்கிப் பிடிச்சுட்டேன். பிடிச்சுக்கிட்டு, ‘இழுங்க’ன்னேன்.”

அப்பா நின்றார். இழுத்தார். விரிப்பு விறைத்தது.

விரிப்பு மடிக்கும் முறை தங்களுக்குத் தெரிந்திருக்கும். இழுத்து விறைப்பாக்கிய பிறகு, முனைகளைச் சேர்க்க இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். நடக்காமல் மடிக்க முடியாது. அம்மா ஓரடி முன்னே வைத்தார். பழகிய உடம்பு, அப்பாவும் ஓரடி வைத்தார். அப்படியே இருவரும் மாடியின் நடுவில் வந்து சேர்ந்தார்கள். விரிப்பு இரண்டாகி, நான்காகி அம்மாவின் கைக்கு வந்தபோது அப்பாவும் கூடவே வந்திருந்தார். அதன்பிறகுதான் அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாராம். அப்பா பக்கத்தில் நின்று, “ஏன்டி அழுவுற, இன்னும் ரெண்டு விரிப்பு கிடக்குது” என்றாராம்.

அவர் விழுவதற்காகப் பின்னால் போனாரா, அல்லது கைப்பழக்கத்தில் போனாரா? எங்களுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் கேட்கவில்லை. எங்களில் யாராலும் கேட்க முடியாது. அம்மா மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார். ஈர விரிப்புகள் இப்போது எங்கள் வீட்டுக் கதவுகளின் மேல் காய்கின்றன. கேட்கத் தெரிந்தவர்கள் தங்கள் பிரிவில் இருக்கிறார்கள். அதற்காகத்தான் இந்த மனு.

7. அன்று பிற்பகலே அவரைத் தங்கள் அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தோம். விடுமுறை நாள். பெண் மருத்துவர் ஒருவர் பார்த்தார். மறுபடி நானே மொழிபெயர்ப்பாளர், மறுபடி அதே கேள்வி. அம்மா சொன்னதையும் நான் சொன்னேன். அப்பா, “துணி எடுக்கப் போனேன். அவ பயந்துட்டா. அவ எப்பவும் இப்படித்தான்” என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மறுபரிசோதனைக்குத் தேதி கொடுத்து அனுப்பினார்கள்.

இப்போது வந்திருக்கும் அழைப்பில், முன்பு வந்த அதே மொழிபெயர்ப்பாளர் வருவார், இயலாவிட்டால் குடும்பத்தினர் உதவலாம் என்று இருக்கிறது. அம்மா பின்னால் நின்று முதுகில் கைவைத்துத் தள்ளியதால் இம்முறை தகவல் மேசையில் வாயைத் திறந்து கேட்டேவிட்டேன். அங்கிருந்த பெண்மணி நல்ல மாதிரியாகத்தான் பதில் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “உங்க மொழிக்கு இந்த ஊர்ல அவங்க ஒருத்தர்தான். அவங்க வேணாம்னா நீங்களே பேசிடுங்களேன். அழகாத்தானே பேசறீங்க?”

நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்மாவுக்கு இந்த ஊர் மொழி தெரியாது. படி இறங்கும்போது, “என்னடி சொன்னா?” என்றார். “நான் அழகாப் பேசறேனாம்” என்றேன். “அத சொல்லவா உன்னைத் தள்ளிவிட்டேன்?” என்றார் அம்மா.

8. யார்மீதும் குற்றம் சாட்டுவது என் நோக்கமல்ல என்பதைத் தெளிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். மருத்துவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். நான் கேட்டபடி சொன்னேன். சம்பந்தியம்மாவைப் போல் நேர்மையான மொழிபெயர்ப்பாளர் தங்களுக்குக் கிடைப்பது அரிது. அவருக்கு இந்த மனுவால் எந்தக் குறையும் வரக் கூடாது. அவர் வேலை போய்விட்டால் எங்கள் மொழிக்காரர்கள் மற்ற எல்லா வார்டுகளிலும் ஊமையாகிவிடுவார்கள். மொழி ஒன்றாக இருந்தால் போதும், பேச்சு வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். எங்களைப் போன்ற சிறு கூட்டத்தில் ஒரே மொழி பேசுகிறவர் என்றால் அவர் உறவாகவோ, உறவுக்கு உறவாகவோ, நாளை சம்பந்தம் பேச வருகிறவராகவோதான் இருப்பார். யாரும் தவறு செய்யாமலே என் அப்பா தங்கள் பிரிவுக்கு மூன்று தடவை வந்து, ஒருமுறைகூடப் பேசாமல் திரும்பிப் போயிருக்கிறார். இதை எழுதும்போது கோபம் வரவில்லை ஐயா. வருத்தம்தான் வருகிறது.

9. ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது:

அ) ‘நலம்’ என்று முடித்துவைத்த அப்பாவின் சிகிச்சையை, அவர் இன்னும் பேசவே தொடங்கவில்லை என்ற காரணத்தைக் குறிப்பிட்டு, மறுபடி தொடங்க வேண்டும்.

ஆ) அடுத்த வாரச் சந்திப்புக்கு வேறு ஊரிலிருந்து, முடிந்தால் வேறு நாட்டிலிருந்தே, தமிழ் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் அமர்த்த வேண்டும். முகம் வேண்டாம், பெயர் வேண்டாம், குரல் மட்டும் போதும். அப்பா யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காதவராக இருந்தால் நல்லது. எங்கள் ஆட்கள் பேச்சை அங்கேதான் தொடங்குவார்கள். அங்கே தொடங்கினால் அப்பா மறுபடி எழுந்து நின்றுவிடுவார்.

இ) இனி எந்த நோயாளிக்கும், என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், வரப்போகிறவர் இவர், இவரை உங்களுக்குத் தெரியுமா என்று அவர் அறைக்குள் வரும் முன்பே தனியாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. காரணம் சொல்ல முடியாததால்தான் வேண்டாம் என்கிறார்கள்.

ஈ) உயிர் பற்றிய அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் வாயால் கேட்க வைக்கக் கூடாது. அவர்கள் எவ்வளவு அழகாகப் பேசினாலும்.

இதுவரை எழுதியதை நேற்று அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் சம்மதமில்லாமல் அவரைப் பற்றி எழுதி அனுப்ப எனக்கு உரிமை இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார். “மீசைன்னு எழுதியிருக்கியே, மரியாதையா எழுதக் கூடாதா?” என்றார். மரியாதையான பெயர் என்னவென்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “அப்படியே இருக்கட்டும்” என்றார். மாடியைப் பற்றிய பத்திக்கு வந்ததும் விரல் வெகு நேரம் ஒரே வரியில் நின்றது. பிறகு தாளைத் திருப்பினார். முடித்ததும், “சம்பந்தியம்மாவுக்குக் கெட்ட பேர் வராதில்ல?” என்று கேட்டார். வராது என்றேன். “கையெழுத்து எங்க போடணும்?” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, “நாலு பேர் முன்னாடி வாயைத் திறக்காதவ மனு எழுதியிருக்கா, முத்தமே குடுக்கலாம்” என்றார். யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை.

அப்பா படித்த பிறகு, அவரிடமும் காட்டாமல் வைத்திருந்த ஒரு வேண்டுகோளை இங்கே சேர்க்கிறேன். முன்பே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

என்றாவது ஒருநாள் அந்த அறைக்குள் அப்பா பேசிவிட்டால், அவர் என்ன சொன்னார் என்பதை எனக்குச் சொல்ல வேண்டாம். கோப்பில் குடும்பத் தொடர்பாளர் என்று என்னைக் குறித்திருக்கிறார்கள். அதை எடுத்துவிடுங்கள். அவரைக் காப்பாற்ற வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும், அந்தத் தொலைபேசிக் குரல் மூலமாகவே, அம்மாவிடம் சொல்லுங்கள். மாத்திரையா, துணையா, பூட்டா, சொன்னபடி செய்வோம். ஏன் என்பதைச் சொல்ல வேண்டாம். அன்று மீசை அவரிடம் என்ன சொல்ல முயன்றார் என்று அப்பா நினைக்கிறார், மாடியில் எதற்காகப் பின்னால் போனார், அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என்ன, எதுவும் எனக்கு வேண்டாம். தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருப்பேன். திறந்ததும் முதலில் வந்து கேட்பவளும் நானாகத்தான் இருப்பேன். அப்போது நான் எவ்வளவு அழகாகக் கேட்டாலும் சொல்லிவிடாதீர்கள். நான் பயந்துவிடுவேனோ என்று நினைக்காமல் அப்பா பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும் ஐயா.

நாள்: மறுபரிசோதனைக்கு முந்தைய திங்கட்கிழமை
இடம்: வீடு

இப்படிக்கு,
வெளிவராந்தாவில் காத்திருக்கும்,
(கையொப்பம்)
நோயாளியின் இளைய மகள்

மேலே உள்ளதெல்லாம் படித்தேன். கடைசிப் பக்கமும் குடுத்தாள், படித்தேன். சம்மதம்.
(கையொப்பம்)
நோயாளி